இடக்கைக்குத் தைத்த சட்டை

விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் ஒலிபெருக்கியைத் தொட்டவுடனேயே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! கத்தரிக்கோலைக் கண்டாலே கலங்கிய கைகளைக் கலை பேசும் கைகளாக்கிய ஆடை வடிவமைப்புப் பயிற்சி நிலையத்தின் முதல்வர் அவர்களே! எனக்கு மதிப்பெண் போட வந்து என்னிடம் மாட்டிக்கொண்டு, இன்று மேடையிலும் மாட்டிக்கொண்டிருக்கும் தேர்வாளர் அம்மையார் அவர்களே! திட்டிக்கொண்டே திருத்திய எங்கள் வகுப்பாசிரியை அவர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வயதிலும் வாழ்விலும் மூத்த பெரியோர்களே! என்னோடு ஊசிக் குத்து வாங்கிய சகோதர சகோதரிகளே! பேச்சுக்காக வராமல் மின்விசிறிக் காற்றுக்காகவே வந்திருக்கும் கடைசி வரிசைத் தம்பிகளே! பயிற்சியை முடித்தவர்கள் சார்பில் உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையா? என்னிடமா? வகுப்பில் நூல் அறுந்தால்கூட அரை மணி நேரம் பேசுகிறவள் நான். சிரிக்காதீர்கள், எங்கள் ஆசிரியையின் முகத்தைப் பாருங்கள், ஆமாம் என்று தலையாட்டுகிறார்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தெரிந்திருக்கும். பெரிய சந்தையிலிருந்து ரயில் நிலையம் வரை ஓடும் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஒரு ஊரே காலியா இருக்கு!" என்று கூவுவாரே, அவரேதான். அதோ, அந்தப் பக்கம் ஒரு அண்ணன் கை தூக்குகிறார். சில்லறைக்காக அவரோடு சண்டை போட்டவராக இருக்கும்!

அவருக்கு அழகு என்றால் அவருடைய சட்டை. தேய்த்த மடிப்பு கலையாது, கழுத்துப் பட்டை சாயாது, கைப் பட்டன் கழலாது. நெரிசலில் நசுங்கி இறங்கினாலும் நேற்று வாங்கிய சட்டை போலவே நிற்பார். அப்படிப்பட்டவருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சு திரும்பியது. திரும்பியதோடு நிற்காமல், என்னைத் திட்டும் அளவுக்குத் தெளிவாகவே திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல் மனிதர் வாசலைத் தாண்டவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தார், எங்கே? கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும். காரணம் என்ன தெரியுமா? கால் அல்ல, களைப்பும் அல்ல. சட்டை!

"என்னங்க, டெப்போல எல்லாரும் உங்கள விசாரிக்கிறாங்க. ஒரு நடை போயிட்டு வரலாம் வாங்க. சட்டைய நான் போட்டு விடறேன்" என்றேன்.

"பொண்டாட்டி பட்டன் போட்டுவிட்டு வெளிய அனுப்புற நெலமைக்கு வந்துட்டேனா? நீ போ. நான் வரல."

பிடிவாதம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொன்னேன், சொல்லிச் சொல்லிச் சலித்தேன். பனியனோடு சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தெருவில் போகும் தம்முடைய பேருந்தின் ஹாரனைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு மனிதரைத் தினமும் பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும். என் நெஞ்சு வெந்தது. வீட்டிலும் வருமானம் வேண்டுமே! அதனால்தான் அடுத்த தெருவில் இருந்த இந்தப் பயிற்சி நிலையத்தில் வந்து சேர்ந்தேன்.

அளவெடுக்கக் கற்றேன். துணி வெட்டுவதற்கான காகித அச்சு வரையக் கற்றேன். வெட்டக் கற்றேன், வெட்டியதை வீணாக்கவும் கற்றேன். கடைசியில் வந்தது இறுதித் தேர்வு. அதன் விதி என்ன? உயிருள்ள ஒருவருக்கு ஓர் உடை தைக்க வேண்டும். அவரே நேரில் வந்து, அதை உடுத்தி, உட்கார்ந்து, நடந்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பொம்மைக்கு மாட்டிக் காட்டினால் மதிப்பெண் கிடையாது. அவளவள் அழகான தங்கையையும் அக்கா மகளையும் எழுதிக் கொடுத்தாள். நான் யாரை எழுதிக் கொடுத்தேன்? வாசலையே தாண்டாத என் வீட்டுக்காரரை! "ஏம்மா, உங்களுக்கே நீங்க குழி தோண்டிக்கிறீங்களே" என்றார் ஆசிரியை. அவர் வெளியே வர வேண்டும், அதற்கு ஒரு சட்டை வேண்டும், அதை நான் தைக்க வேண்டும். எனக்கு வேறு தேர்வு எதுவும் தெரியவில்லை.

முதல் சட்டையில் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை வைத்தேன். அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிரியும். நான் மாட்டிவிட்டேன், அவர் இழுத்தார், 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்! "இதென்ன, எல்கேஜி பையன் ஷூவா?" என்று கழற்றி எறிந்தார். இரண்டாவது சட்டையில் துணிக்குள்ளே குட்டிக் குட்டிக் காந்தம் வைத்துத் தைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அதையும் நானே போட்டுவிட்டேன், அவர் சன்னலில் சாய்ந்தார், சட்டை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது! விலகி வந்தால் சட்டை திறந்துகொள்கிறது, சட்டையை மூடினால் மனிதர் கம்பியோடு நிற்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சோறும் சாப்பிடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கு வேண்டியது ஒரு வித்தை அல்ல, எல்லாரும் போடுவது போன்ற ஒரு சட்டை.

அழுதுகொண்டே வகுப்புக்கு வந்தேன். எங்கள் ஆசிரியை ஆறுதல் சொன்னாரா? அதெல்லாம் அவருக்குப் பழக்கமே இல்லை. நாடாச் சுருளை எடுத்தார், அத்தனை பேரின் வலது கையையும் அசைக்க முடியாதபடி விரலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஆளுக்கொரு ஆண் சட்டையைக் கொடுத்து, "போடுங்க பாக்கலாம்" என்றார். அடடா, என்ன கூத்து! ஒருத்தி கழுத்தில் சிக்கினாள், ஒருத்தி கையே இல்லாமல் நின்றாள், ஒரு தம்பி பட்டனைப் பல்லால் கடித்தான். கட்டுப்போட்ட கை சட்டைக் கைக்குள் நுழைய அக்குளில் இடம் போதவில்லை. நல்ல கையின் மணிக்கட்டுப் பட்டனை அந்தக் கையே போட்டுக்கொள்ள முடியவில்லை. இத்தனை நாளாக அவர் எதனோடெல்லாம் மல்லுக்கட்டினார் என்று என் உடம்புக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த அமளியில் ஒரே ஒரு தங்கை மட்டும் கடகடவென்று பட்டனைப் போட்டு முடித்து நின்றாள். எப்படி? கொடுத்த ஆண் சட்டையில் ஒன்று குறைந்ததால் அவள் தன் சொந்தச் சட்டையையே எடுத்துப் போட்டிருந்தாள். பெண்கள் சட்டை! ஆண் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பட்டன் நுழையும் காஜா இடப்பக்கம். பெண் சட்டையில் நேர்மாறு, பட்டன் இடப்பக்கம். இடக்கைக்கு அது வாகாக வருகிறது. முதல் வாரத்திலேயே எங்களுக்கு மனப்பாடமாக்கிய பாடம் அது. பக்கம் மாறினால் தேர்வில் தோல்வி.

என்ன செய்வேன்? பக்கத்தைக் காப்பாற்றினால் சான்றிதழ் நிற்கும், சட்டை நிற்காது. கையைக் காப்பாற்றினால் சட்டை நிற்கும், சான்றிதழ் நிற்காது. அதோடு, அதைக் கண்டால் என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? என்ன சொல்கிறீர்கள் கடைசி வரிசைத் தம்பி? "பொம்பள சட்டை"யா? ஆமாம் ராசா, அதையேதான் அவரும் சொல்வார் என்று பயந்தேன்.

துணிந்தேன், தைத்தேன்! அக்குளில் அகலம் வைத்தேன். வலது கைக்கு உள்ளே வழுக்கும் துணி வைத்தேன். இடது மணிக்கட்டில் பட்டனைப் போட்டபடியே தைத்து, அடியில் எலாஸ்டிக் ஒளித்தேன். முன் பட்டன்களைச் சற்றுப் பெரிதாக எடுத்து, நூலால் காம்பு கட்டி உயர்த்தி, இடப்பக்கத்தில் வைத்தேன். தேய்த்து மடித்து, தேர்வன்று காலையில் அவர் கட்டிலில் வைத்தேன்.

"என்னங்க, ஒளிக்காம சொல்லிடறேன். பட்டன் பொம்பளைங்க பக்கம் இருக்கு. உங்க கைக்காகத்தான் வச்சேன். வந்தா வாங்க. வரலன்னா பரவால்ல, நான் ஃபெயிலாயிட்டுப் போறேன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு நேரமாகிவிட்டது, கிளம்பி வந்துவிட்டேன்.

தேர்வுக் கூடத்தில் ஒவ்வொருத்தியாக முடித்துப் போனாள். "உங்க ஆள் எங்கம்மா?" என்றார் தேர்வாளர் அம்மையார். "வருவாரு மேடம்" என்றேன். மறுபடியும் கேட்டார். "வந்துட்டே இருக்காரு மேடம்" என்றேன். எங்கே வருகிறார்? எனக்கே தெரியாது! மேடம் பேனாவை மூடப் போனார். வராந்தாவில் காலை இழுத்து இழுத்து ஒரு நடைச் சத்தம். வந்தார், என் வீட்டுக்காரர் வந்தார்! மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார்!

தேர்வாளர் சட்டையைச் சுற்றி வந்தார். தையல் பார்த்தார், சரி. கழுத்துப் பட்டை பார்த்தார், சரி. முன்பக்கம் வந்ததும் நின்றார். "என்னம்மா இது, லேடீஸ் சைடு வச்சிருக்கீங்க? அடிப்படையே தப்பா இருக்கே."

"தெரிஞ்சுதான் வச்சேன் மேடம்" என்றேன்.

"ஆனா நான் எப்படிம்மா மார்க் போடறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? யாரும் பார்க்கக் கூடாது என்று ஒளிந்திருந்த மனிதர், அத்தனை பேருக்கு முன்னால், இடக்கையால் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். பனியனோடு நின்றார். பிறகு, மறுபடியும், ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பட்டன் ஏறியதும் சொன்னார்:

"எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியும் மேடம். வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தா. ஆனா எனக்கு ஒடம்பு சரியில்லாம போனதுக்கப்புறம், நானே போட்ட மொத சட்டை இது."

தேர்வாளர் அம்மா பேனாவைத் திறந்தார். மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, "இந்தச் சட்டையோட அச்சுல எனக்கு ஒரு பிரதி வேணும்மா. எங்க அண்ணனுக்கும் இதே மாதிரிதான்" என்றார். இதைச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் அம்மா, சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பயிற்சி முடித்த என் தோழிகளே, தம்பிகளே! நாளை நீங்கள் பெரிய பெரிய ஆலைகளுக்குப் போவீர்கள். பளபளக்கும் கடைகளுக்குப் போவீர்கள். போங்கள், புகழோடு போங்கள்! ஆனால் துணியைத் தொடும் முன் எதைக் கேட்பீர்கள்? உடம்பைக் கேளுங்கள்! குனிய முடியாத முதுகைக் கேளுங்கள்! பால் கொடுக்கும் தாயைக் கேளுங்கள்! சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் குழந்தையைக் கேளுங்கள்! துணிக்காக உடம்பு வளைய வேண்டுமா, உடம்புக்காகத் துணி வளைய வேண்டுமா? சொல்லுங்கள்! இன்னும் உரக்கச் சொல்லுங்கள், தலைவர் கடிகாரத்தை மறக்கட்டும்!

ஒன்றே ஒன்று சொல்லி இறங்கிவிடுகிறேன். தேர்வு முடிந்து நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்தோம். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் அவர் தோளைப் பிடித்தேன். மெல்ல விலக்கினார்.

"நீ வீட்டுக்குப் போ. நான் டெப்போ வரைக்கும் போயிட்டு வரேன்."

"தனியாவா?" என்றேன்.

"பின்ன? அதான் சட்டை போட்டிருக்கேன்ல?"

நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுத்தெருவில் நின்று நான் ஓவென்று அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன்.

அந்த நடையை எனக்குக் காணக் கொடுத்த இந்த நிலையத்துக்கும், என் கையைக் கட்டிப்போட்டுக் கண்ணைத் திறந்த ஆசிரியைக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வாழ்க நீங்கள், வளர்க உங்கள் கைத்தொழில். வணக்கம்!