வைக்கோலுக்குத் தீ வைக்கும் முன்

மாட்டைப் பாதிக் கறவையில் விட்டுவிட்டு வந்து இந்த மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் ஊர்த்தலைவி ஆக்லாயா அம்மையார் அவர்களே; ஆலயத்தில் எங்கள் ஆன்மாவையும், வீதியில் எங்கள் அடுப்படியையும் ஆசீர்வதித்து வரும் தந்தை இலாரியோன் அவர்களே; கால்நடையின் கண்ணைப் பார்த்தே கவலையைக் கண்டுகொள்ளும் மருத்துவர் கொர்னெல் அவர்களே; முன்வரிசையில் முட்டிவலியோடு முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே; பின்வரிசையில் பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே காது கொடுத்திருக்கும் தாய்மார்களே; படித்தவர்கள் பேச்சைக் கேட்டாயிற்று, இனி படிக்காதவன் என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று பொறுத்திருக்கும் என் ஊர்மக்களே: பள்ளி வேன் ஓட்டும் கொஸ்தாகே உங்கள் முன் தலைதாழ்த்தி நிற்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பைக் கடந்தது என் அறிவால் அல்ல. என் ஆசிரியரின் ஆயாசத்தால். அப்படிப்பட்டவன் டி.என்.ஏ. பற்றி மேடையேறிப் பேசலாமா? என் மகள் ஸ்மராண்டாவிடம் இதைத்தான் கேட்டேன். கருவியைக் கட்டியவள் அவள். நகரத்தில் கற்றவள் அவள். நீயே பேசு என்றேன். அவள் சொன்னாள்: "அப்பா, நான் பேசினா எல்லாரும் தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. நீங்க பேசினா சண்டை போடவாவது உக்காந்திருப்பாங்க."

ஆகவே அமருங்கள். சண்டைக்கும் நேரம் உண்டு.

இன்று நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இக்னாத் நாள் நெருங்குகிறது. வீட்டுக்கு வீடு பன்றி வெட்டும் நாள். அன்று காலையில், கத்தி எடுக்கும் முன், மயிர் பொசுக்கும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் முன், ஒவ்வொரு பன்றியின் காதிலிருந்தும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து என் மகளின் கருவியில் வைக்க நாம் சம்மதிக்கிறோமா, இல்லையா? கருவி ‘பன்றிக் கொள்ளைநோய் இருக்கிறது’ என்று சொன்னால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரை அழைக்கச் சம்மதிக்கிறோமா, இல்லையா?

சொல்வது சுலபம். எனக்குத் தெரியும். ஒரு தொழுவத்தில் நோய் என்றால் அரசாங்கத்தின் வெள்ளை உடுப்புக்காரர்கள் வருவார்கள். அந்தத் தெருவிலேயே ஒரு பன்றி மிஞ்சாது. யார்தான் மனமுவந்து தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவார்?

ஆனால் தட்டாமல் இருந்த ஆண்டு என்ன ஆயிற்று?

தொவாதெர் அண்ணே, கடைசி நாற்காலியில் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் இதை நான் பேசவில்லை. நேற்று உங்கள் வேலியோரம் நின்று கேட்டேன். "சொல்லு தம்பி, நீ சொல்லாட்டி மட்டும் யாருக்கு இங்க தெரியாது" என்றீர்கள். அந்த அனுமதியோடு சொல்கிறேன்.

அந்த ஆண்டு அண்ணனின் பன்றிதான் தெருவிலேயே பெரியது. முந்தின நாள் சாயங்காலம் அது தீவனத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தது. கொஞ்சம்தான். மருத்துவரைக் கூப்பிடலாமா என்று அண்ணி கேட்டார். கூப்பிட்டால் என்ன நடக்கும்? ரத்தம் எடுப்பார்கள், மாவட்டத் தலைநகருக்கு அனுப்புவார்கள், பனியில் பாதை அடையும், பண்டிகையில் அலுவலகம் அடையும். பதில் வந்து சேரும் நாளில், விடுப்பு எடுத்து வந்த மகன் மறுபடி இத்தாலியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பான். "பன்னிக்கும் நாள் தெரிஞ்சுபோச்சு போல, அதான் பசிக்கல" என்று சிரித்தார் அண்ணன். விடிந்ததும் வெட்டினோம். நானும்தான் காலைப் பிடித்தேன்.

பிறகு? பன்றியின் பேரால் விருந்து. உதவிக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. வர முடியாதவன் வீட்டுக்கு வறுத்த கறி போக வேண்டும், மக்காச்சோளக் களி போக வேண்டும், மேலே ஒரு வெள்ளைத் துணி மூடியிருக்க வேண்டும். அண்ணன் கை தாராளம். தெரு முழுக்கத் தட்டு போனது. தின்றோம், வாழ்த்தினோம், தட்டில் மிஞ்சியதையும் தட்டைக் கழுவிய தண்ணீரையும் எங்கே கொட்டினோம்? எங்கே கொட்டுவோமோ அங்கேதான். அவரவர் பன்றித் தொட்டியில்.

தாய்மார்களே, அந்த நோய் மனிதனைத் தொடுவதில்லை. ஆனால் மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வீடாக நடக்கிறது. பகைவன் பரப்பவில்லை, பாசம் பரப்பியது. களவு கொண்டுவரவில்லை, கருணை கொண்டுவந்தது. ஜனவரி பாதி கடக்கும் முன் நம் தெருவில் ஒரு தொழுவத்திலும் உறுமல் இல்லை.

அதற்குப் பின் தொவாதெர் அண்ணனை யாராவது ஏசினோமா? இல்லை. ஏசியிருந்தால் அவர் திருப்பி ஏசியிருப்பார். இரண்டு குவளை பிளம் சாராயத்தில் தீர்ந்திருக்கும். நாம் வணக்கம் சொன்னோம், வானிலை பேசினோம், அவர் வீட்டுத் தட்டை மட்டும் வாங்கவில்லை. ஈஸ்டருக்கு அண்ணி சுட்ட ரொட்டியை எத்தனை வீடுகள் தின்றன என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் என்னைக் கேட்காதீர்கள்.

இந்த ஊரின் அந்த அமைதியிலிருந்துதான் என் மகளின் கருவி பிறந்தது.

அது என்ன செய்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தவறினால் அதோ அவள் கண்ணை உருட்டுவாள். ஒரு சொட்டு ரத்தத்தில் நோயின் டி.என்.ஏ. மிகச் சொற்பமாக இருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. அதைச் சூடாக்கினால் இரண்டு இழையாகப் பிரிகிறது. ஆறவிட்டால் ஒவ்வோர் இழையும் தனக்கு ஒரு துணையைக் கட்டிக்கொள்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். நம் கடைவாசலில் ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னது சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒலிப்பது போல. அந்த முதல் கிசுகிசு ரத்தத்தில் இருந்தால் கருவியில் விளக்கு எரியும். இல்லை என்றால் எத்தனை முறை சூடாக்கினாலும் அது வாய் திறக்காது. அந்த ஒரு விஷயத்தில் நம் ஊரைவிட யோக்கியமானது.

இதைச் செய்யும் எந்திரம் தலைநகரில் ஓர் அடுப்பு அகலத்துக்கு இருக்கிறது. என் மகள் அதை ரொட்டிப் பெட்டி அளவுக்குச் சுருக்கினாள். ஏன் சுருக்க வேண்டும்? தூக்கிக்கொண்டு போக வசதி என்றுதான் நானும் நினைத்தேன். அவள் என் முன்னால் ஒரு சட்டிக் களியையும் ஒரு கரண்டிக் களியையும் வைத்தாள். "எது முதல்ல ஆறும்?" என்றாள். கரண்டிதான். "அவ்வளவுதாம்ப்பா. சின்னதா இருந்தா சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். இக்னாத் அன்னிக்கு முற்றத்துல நாலு பேரு கத்தியத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்க ரெண்டாவது குவளை ஊத்தறதுக்குள்ள நான் பதில் சொல்லணும்." அதனால் சொட்டைக் கண்ணீர்த்துளி அளவுக்குக் குறைத்தாள். சூடேறும் உலோகத்தை விரல்நகம் அளவுக்குக் குறைத்தாள். டிசம்பர்க் குளிரில் பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஆட்டுரோமத்தில் சட்டை தைத்துப் போட்டாள். தைத்தது என் மனைவி பராஸ்கிவா. ஒரு கை கோணலாக இருக்கிறது. கருவிக்குக் கை கிடையாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

யாரது குரல்? மித்ரூவா? எழுந்தே கேள், வெட்கப்படாதே. என்ன சொல்கிறாய்? "அந்தப் பொட்டி தப்பாச் சொன்னா, என் பன்னிய உன் பொண்ணா திருப்பித் தருவா?"

நல்ல கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். தப்பாகச் சொல்லியிருக்கிறது. என் வீட்டுச் சமையலறையில் சொல்லியிருக்கிறது.

கோடையில் என் மகள் கருவியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய்க்கிருமியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்பதால், தீங்கு செய்யாத ஒரு துண்டு டி.என்.ஏ.யைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வாங்கி வந்திருந்தாள். வேலை முடிந்த குட்டிக்குழாய்களை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். நம் வீட்டுப் பெண்கள் மூடியுள்ள எதையாவது எறிந்து பார்த்திருக்கிறீர்களா? ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், மருந்து பாட்டில், எதையாவது? பராஸ்கிவா அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவு அழகு. மறுநாள் கருவி என்ன சொன்னது? எங்கள் வாத்துக்குக் கொள்ளைநோய். எங்கள் தக்காளிக்குக் கொள்ளைநோய். என் பிளம் சாராயத்துக்கும் கொள்ளைநோய்.

சிரியுங்கள். அன்று என் மகள் சிரிக்கவில்லை. ஒரு குழாயில் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தாள். அதற்கும் விளக்கு எரிந்தது. முகம் வெளுத்துப்போய், "இத யாரு தொறந்தது?" என்றாள். பெருகிப் பெருகிக் கோடியாய்க் கிடந்தது மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்கப் பறந்திருக்கிறது. துண்டில், துடைப்பத்தில், என் மீசையில். பராஸ்கிவா தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாந்தாண்டி கழுவினேன், அழுக்கா இருந்துச்சேன்னு" என்றாள்.

என் மகள் தாயைத் திட்டவில்லை. ஜன்னலோரக் குழாய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா மேல தப்பில்ல. தொறக்க முடியிற மாதிரி மூடி வெச்சேன் பாரு, அது என் தப்பு."

பெரியோர்களே, நான் அதிகம் படித்தவனல்ல. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட மாலையில்தான் இந்தப் பெண்ணிடம் என் பன்றியை மட்டுமல்ல, என் ஊரையே ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது குழாயை ஒருமுறை அழுத்தி மூடினால் பல்லால் கடித்தாலும் திறக்காது. நான் கடித்துப் பார்த்தேன், பல்தான் ஆடுகிறது. ஒவ்வொரு முறையும் பன்றியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வெறும் தண்ணீரும் வைக்கிறாள். தண்ணீர் ‘நோய்’ என்று சொன்னால் கருவியை நம்பாதே என்று கருவியே சொல்லும்.

ஆகவே மித்ரூ, கேள். இந்தப் பெட்டி பன்றியைக் கொல்லாது. கத்தியை நிறுத்தும், அவ்வளவே. அதன் பிறகு மருத்துவர் கொர்னெல் வருவார், அவருடைய பரிசோதனைக்குத்தான் தீர்ப்பு. பெட்டி பிழையானால் உன் தொத்திறைச்சி சில நாள் தாமதமாகும். பெட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த ஜனவரியில் வெற்றுத் தொழுவத்தின் முன் நின்று நீ அழுததை நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்?

இப்போது கடைசியாக ஒன்று. நேற்று வேலியோரம் தொவாதெர் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். இந்த ஆண்டு மறுபடி ஒரு பன்றி வளர்த்திருக்கிறார். நமக்கெல்லாம் தெரியும்; தெரியாதது போல நடக்கிறோம். அவர் சொன்னார்: "வளத்துட்டேன் தம்பி. பிடிக்க நாலு பேரு வேணும். யாரக் கூப்பிடுறதுன்னுதான் தெரியல."

நாலு பேர். இத்தனை வீடு இருக்கும் ஊரில் நாலு பேர்.

நம் ஊரில் ஒருவன் கொடுப்பதற்கு அஞ்சுகிறான். நாம் வாங்குவதற்கு அஞ்சுகிறோம். நோய் போய்விட்டது, அச்சம் போகவில்லை. அறிவியல் எதற்கு? அந்த அச்சத்துக்கு ஒரு முடிவு கட்ட. கருவி எதற்கு? மூடிய தட்டை மறுபடி ஏந்த. கொடுக்கும் கை கூசாமல் கொடுக்க, வாங்கும் கை நடுங்காமல் வாங்க.

இக்னாத் காலையில் கருவி முதலில் என் வீட்டுக்கு வராது. தொவாதெர் அண்ணன் முற்றத்துக்குப் போகும். அவரே அப்படித்தான் கேட்டார். விளக்கு எரியாவிட்டால் உள்ளே போவோம், பிடிப்போம், வெட்டுவோம், அவர் கையால் சாப்பிடுவோம். விளக்கு எரிந்தால்? அப்போதும் போவோம். மருத்துவர் முறைக்கிறார், சரி, வேலிக்கு வெளியே நிற்போம், சேற்றுக்காலோடு உள்ளே போக மாட்டோம். வெள்ளை உடுப்புக்காரர்கள் வரும்வரை அந்த மனிதரைத் தனியே நிற்க விட மாட்டோம். நோயைச் சொன்ன வீட்டுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைப் பார்த்துத்தான் அடுத்த வீடு வாய் திறக்கும். கருவியை என் மகள் செய்துவிட்டாள். இந்த மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

சோதனைக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். அண்ணன் முற்றத்துக்கு வருபவர்கள் தூக்கிய கையை இறக்காதீர்கள்.

ஆக்லாயா அம்மையார் எண்ணிக்கொண்டிருக்கிறார். தந்தை இலாரியோன் இரண்டு கையும் தூக்கியிருக்கிறார். ஒன்று போதும் தந்தையே. தாய்மார்கள் பின்னல் ஊசியோடே தூக்கியிருக்கிறார்கள். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். அண்ணன் தொப்பியால் முகத்தை மறைத்திருக்கிறார், மறைத்துக்கொள்ளட்டும். மித்ரூ, நீ கை தூக்கினாயா, காது சொறிந்தாயா?

மித்ரூ என்ன சொல்கிறான் கேளுங்கள். "பின்னங்கால நான் பிடிக்கிறேன். பொட்டி சொன்னப்புறம்."

அது போதும். இதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் நான் கெடுத்துவிடுவேன். வேன் ஓட்டுபவனுக்கு மேடை தந்த தலைவிக்கும், இந்தக் குளிரில் காது தந்த உங்களுக்கும், கை தூக்கிய ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இக்னாத் காலையில் தொவாதெர் அண்ணன் வேலியருகே சந்திப்போம். வணக்கம்.