பூட்ஸ் பழகியவர்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரயில் கிளம்பியதும் எதிர்ப் பலகையில் இருந்தவர், குழந்தையை மடியில் வைத்திருந்த தன் மனைவியிடம் சொன்னார்: "ஒரு மாசமா தூங்கும்போதுகூட இந்த பூட்ஸைக் கழட்டலை."

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"இப்பதான் கடிக்கிறது நின்னிருக்கு. நாளைக்கு சாமுண்டி பெட்டா ஆயிரம் படியும் ஏறிடுவேன், பாரு."

"பூட்ஸோடவா?"

"பின்னே? முதல் தடவையா மலையேறறவன் காலைப் பாத்துக்க வேண்டாமா?"

"அம்மன் படியில யாருங்க செருப்போட ஏறுவாங்க? படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வெச்சிருப்பாங்க. அடிவாரத்துலயே கழட்டிடணும்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"ஆபீசுக்குப் பழகறீங்கன்னு நெனச்சேன்."

"படுக்கையிலயுமா?"

"கேட்டா கோவம் வருமே."

"பாப்பா நடந்தா படியேறி வரேன்னு வேண்டிக்கிட்டேன். மூணு வயசுல இப்பதான் நடக்கறா. நான் பாதியில உக்காந்துட்டா, இவ நடை நின்னுபோச்சுன்னா?"

அந்த அம்மாள் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"பாப்பா வெறுங்காலோடதான் பழகினா. நீங்களும் பழகிக்கோங்க."

அவர் குனிந்து கயிறுகளை அவிழ்த்தார். ஊறவைத்ததுபோல் வெளுத்திருந்த பாதங்களைத் தரையில் வைத்ததும் முகம் சுளித்தார். கதவுவரை நடந்தார், திரும்பினார். குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. இருவரும் மறுபடி கதவுப் பக்கம் போனார்கள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. தடுமாறியவர் அவர்தான்.