மேட்டு வயல்ல வழி தெரியல

...பெட்டியும் கையுமா பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு அப்படிப் பாக்காத நுவாலா. வேணும்னேவா வராம இருந்தேன்? நேத்து சர்ச்சுல பூசை முடிஞ்சு, வீட்டுல உருளைக்கெழங்கும் பன்னிக்கறியும் தின்னுட்டு, மொகத்த மழிச்சு, அண்ணனோட கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டு, உங்கப்பாவுக்கு ஒரு விஸ்கி பாட்டிலும் எடுத்துக்கிட்டு, பொண்ணு கேக்கத்தான் கெளம்பினேன். "ஞாயித்துக்கெழம வந்து கேளு மாலக்கி, இல்லன்னா திங்கக்கெழம பஸ்ஸேறி லிவர்பூலுக்குப் போயிருவேன்"னு நீ சொன்னது எனக்கு மறக்குமா?

எல்லாம் என் வயல் நடுவுல, அந்தா தெரியுதே, அந்த மேட்டால வந்த வென. இரு, நான் அதப் பாத்துக்கிட்டே பேசறேன். ஒம் மொகத்தப் பாத்தா எனக்குக் கோர்வையா வராது.

உள்ள ஒரு ராசா குதிரைங்களோட படுத்துத் தூங்கறான்கறாங்க. தூங்கட்டும்! என் வயலு, வாடகை கேட்டேனா? உச்சியில நிக்கிற முள்ளுமரத்துல ஒரு குச்சி ஒடிச்சிருப்பேனா? மாடு கன்னு போட்டா மொத சீம்பால அங்க கொண்டு போயி ஊத்தறேன். இவ்வளவு செஞ்சும் என்ன பண்ணுனாங்க, கண்ணுக்குத் தெரியாம மேட்டுக்குள்ள குடியிருக்கிற அவங்க? பேரு சொல்ல மாட்டேன், காதுல விழும்... நல்லவங்க. நல்லவங்கன்னே வெச்சுக்குவோம்.

அந்த வயல்லேருந்து உங்க ரோட்டுக்கு எறங்க கல்சுவருல ஒரே ஒரு சந்துதானே? வந்து பாக்கறேன், சந்தக் காணோம்! சந்து இருந்த எடத்துல ஆளு ஒசரத்துக்கு முள்ளு. சுவரேறிக் குதிக்க வேண்டியதுதானேன்னு கேப்பே. கேளு. அவங்க வழிய மறைச்சுட்டா சுவரு கூடக் கண்ணுக்குத் தெரியாது தாயி. சுத்தறேன், சுத்தறேன், மேட்டடியிலயே வந்து நிக்கறேன். கோட்டக் கழட்டி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டினா வழி தெரியும்பாங்க. மாட்டினேன். எங்க வீட்டுக்குப் போற வழிதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள இருட்டிருச்சு.

பாட்டிலா? அவங்களுக்குக் கொஞ்சம் ஊத்தினேன். மிச்சம்... குளிரு நுவாலா, நீயே சொல்லு.

முள்ள யாரு வெச்சதா? அதுக்குத்தான் வரேன். அந்தக் காலத்துல ஒரு பிடில்காரன், ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டு வரேன்னு அந்த மேட்டுக்குள்ள போனானாம். வெளிய வந்தா பொண்டாட்டி தலை பூரா நரைச்சிருச்சு. ஆனா காத்திருந்தா பாரு! நீ ஒரு ராத்திரி தாங்க மாட்டேங்கறே.

பஸ்ஸு வந்துருச்சா? வரட்டும். அந்த டிரைவரு எறங்கி ஒரு சுருட்டுப் புடிக்காம வண்டிய எடுக்க மாட்டான்.

ம்? திரும்பவும் முள்ளா? விட மாட்டியே... சரி. நாந்தான் வெச்சேன். நேத்து காலையில, பூசைக்கு முன்னாடி. கன்னுக்குட்டிங்க ரோட்டுக்கு ஓடிருமேன்னு... இல்ல, அதுவும் பொய்யி. கன்னுக்குட்டிங்க கீழ வயல்ல நிக்குது. பயந்துட்டேன் நுவாலா. நீ மாட்டேன்னு சொல்லுவியோன்னு இல்ல. அது எனக்குப் பழக்கந்தான், ரெண்டு பேரு சொல்லிட்டாளுங்க. நீ சரின்னு சொல்லிருவியோன்னு பயந்தேன். நாப்பத்தோரு வருசம் ஒத்தையா இருந்தவன்... நீ வந்து அந்த அடுப்படியில உக்காந்தா நான் எங்க பாக்கறது, என்னத்தப் பேசறது? ராத்திரி பூரா யோசிச்சேன். பேச்சு தானா வரும்னு தோணுச்சு. இந்தா வருதில்ல? நிக்காம வருது. நீ இல்லன்னாத்தான் எனக்குப் பேச்சே இருக்காது. அதனால இப்பக் கேக்கறேன், இந்த மேட்டச் சாட்சியா வெச்சுக் கேக்கறேன்...

நுவாலா?

பெட்டி எங்க?

எப்ப ஏறினா இவ! யோவ், டிரைவரு! நிறுத்துய்யா! நான் இன்னும் கேக்கவே இல்லய்யா!