குட்டிப் பாதைக்கு ஒன்பது மதிப்பெண்

நாலைந்து நிலையங்களே உள்ள எங்கள் குட்டி ரயில் பாதையில், கருத்துக்கணிப்புப் பெண் ஒருத்தி, கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாவிடம், இந்தச் சேவைக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று நடைமுறை பிசகாமல் புன்னகைத்துக் கேட்டாள்.

“ஏற முடியாம ரெண்டு ரயில தவற விட்டாச்சு. கதவுகிட்ட நிக்கிறவங்க நகர மாட்டேங்கிறாங்க. மூணு போடு.”

“கம்மியா போட்டா ஏன்னு நிறைய கேள்வி வரும், ஆன்ட்டி.”

“தேக்கா கிளினிக்ல இவருக்கு அப்பாயின்ட்மென்ட், நேரமாச்சு லா. ஒம்பது போட்டா?”

“அதோட முடிஞ்சிடும்.”

“அப்ப ஒம்பது.”

ரயில் வந்தது. நாற்காலி நகருமுன் வாசல் நிரம்பி, கதவு மூடிக்கொண்டது.

“இப்ப நேரம் இருக்கு,” என்றார் கணவர். “மூணுன்னு மாத்தும்மா.”

“அனுப்பிட்டேன், அங்கிள். நீங்க ரெண்டு பேரும் ரொம்ப திருப்தின்னு போயிடுச்சு.”