மச்சானின் வசனங்கள்

சைரன் நிற்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டியாகிவிட்டது. ஆம்புலன்சில் ஒரே ஆக்சிஜன் சிலிண்டர். ஆள் இரண்டு. நானும் என் மச்சான் சாமுவேலும். கூட வந்த ஆம்புலன்ஸ் ஆள் குழாயை மாற்றி மாற்றி வைக்கிறார். எனக்குக் கொஞ்சம். அவனுக்குக் கொஞ்சம்.

"பேசாத பெருசு. மூச்ச மட்டும் வுடு" என்று கத்துகிறார்.

கொரோனாவின் இரண்டாவது அலை. கத்திரி வெயில். குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் நான் அதைப் போர் என்றுதான் சொல்வேன். ஓடினோம். ஒளிந்தோம். செத்தவரைத் தொட விடவில்லை. அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது.

கடலூரில் போன ஆஸ்பத்திரியிலெல்லாம் கட்டில் இல்லை. நான் யாரென்று தெரியாமல் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு சரி. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறினேன். இன்று ஏழு லாரி என் பேரில் ஓடுகிறது. ரோட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் என் பேர் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பெரிய மனுஷர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். எல்லாரும் எடுத்தார்கள். "பாக்குறேண்ணே" என்றார்கள். கட்டில் வரவில்லை.

நோய் முதலில் எனக்குத்தான் வந்தது. கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மச்சானுக்கு அடுத்து வந்தது. அவன் என் மனைவியின் தம்பி. ஆம்புலன்ஸ் கிளம்பும்போது அவள் கேட் பக்கத்தில் நின்றாள். கிட்டே வர விடவில்லை. அங்கிருந்தே சத்தம் போட்டாள். "ரெண்டு பேரும் வந்து சேருங்க. ஒருத்தரா வந்துடாதீங்க."

அந்தக் கேட்டில் தங்கக் கலர் பெயிண்டில் ஒரு வசனம் இருக்கிறது. வாதை உன் வீட்டை நெருங்காது என்கிற வசனம். நான்தான் ஆள் வைத்து எழுதினேன். தெருவிலேயே பெரிய எழுத்து. அதைத் தாண்டித்தான் எங்களைத் தூக்கி வந்தார்கள்.

வெள்ளாற்றுப் பாலம் வருகிறது. டயர் சத்தம் மாறுகிறது. மச்சான் இருமுகிறான். நிற்கவில்லை. எனக்குப் பயம். ஜெபம் வரவில்லை. பைபிளில் அந்தக் கேட் வசனம் வருகிற தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தச் சங்கீதம் எனக்குப் பாதிதான் தெரியும்.

எங்கள் கோயிலில் சங்கீதம் மாறி மாறித்தான் வாசிப்போம். முதல் வசனம் முன்னால் நிற்பவருடையது. இரண்டாவது சபை. மூன்றாவது அவர். நான்காவது நாங்கள். மச்சான் எங்கள் உபதேசியார். ஆயர் வராத ஞாயிறு அவன்தான் முன்னால் நின்று நடத்துவான். நான் புத்தகம் பிடித்ததே இல்லை. காதால் கேட்டே மனப்பாடம். சபையில் என் சத்தம்தான் பெரிசு. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒற்றைப்படை வசனமெல்லாம் மச்சானுடையது. இரட்டைப்படைதான் எனக்கு. அவன் தொடங்காமல் என் வாய் திறக்காது.

அவன் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். குழாய் தன் முறைக்கு வந்ததும் முதல் வசனத்தைச் சொன்னான். குழாய் என்னிடம் வந்தது. நான் இரண்டாவதைச் சொன்னேன். சிதம்பரம் வரைக்கும் அப்படியே போனோம்.

சிதம்பரத்தில் கட்டில் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அதற்கு இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

வார்டின் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஆக்சிஜன் களகளவென்று கொதிக்கும். மெஷின் கீ கீ என்று அடிக்கும். ஒரு வண்டிக்கு இடது சக்கரம் கிறீச்சிடும். அந்த வண்டி உயிரோடு இருப்பவருக்கு வராது. பிணத்தை வைக்கும் பையின் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டால் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"குப்புறப் படுங்க. யாரும் மாஸ்க்க எடுக்காதீங்க" என்று நர்சுகள் கத்திக்கொண்டே ஓடுவார்கள்.

நாங்கள் குப்புறப் படுத்துக்கொண்டே சொன்னோம். மூச்சுக்கு ஒரு வசனம். அவன் ஒன்று. நான் ஒன்று. விழித்தால் சொல்வோம். ஊசி போட வந்தால் நிறுத்துவோம். அவன் குரல் வந்தால் அவன் இருக்கிறான். என் குரல் அவனிடம் போனால் நான் இருக்கிறேன். அவ்வளவுதான் கணக்கு.

எதிர்க் கட்டிலில் கம்மாபுரத்துக்காரர். கலியபெருமாள். விவசாயி. நெற்றியில் திருநீறு இல்லாமல் இருப்பது அவருக்கு ஒரு குறை. நர்சிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"என்னாங்க, ரெண்டு பேரும் ஏலம் போடுறீங்களா? இவரு ஒண்ணு சொன்னா அவரு ஏத்திச் சொல்றாரு" என்றார் ஒருநாள்.

மச்சான் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "எங்க மாமா கரும்பு ஏலத்துலயே வளந்தவரு" என்றான்.

"அப்ப சாமிகிட்டயே கெறாரா பேசுவாரு. பேசட்டும் பேசட்டும். எனக்கும் சேத்துப் பேசச் சொல்லுங்க."

மனைவி தினமும் போனில் கேட்பாள். தம்பி எப்படி இருக்கான்? வசனம் சொல்றான் என்பேன். வேறு எதுவும் சொல்லமாட்டேன். அவளுக்கு அது போதும்.

மச்சானுக்கு மெஷின் காட்டும் எண் இறங்குகிறது. தொண்ணூறுக்குக் கீழ். பிறகு எண்பதுக்குக் கீழ். டாக்டர் வருகிறார். போகிறார். முகக் கண்ணாடிக்குள் அவர் கண் மட்டும் தெரிகிறது. அந்தக் கண்ணைப் பார்த்தேன். நான் மனுஷர் முகம் பார்த்தே தொழில் செய்தவன். எனக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம். சாப்பாட்டுப் பொட்டலம் வந்த நேரம். ஆறாவது வசனம் நான் சொன்னேன். மத்தியானத்தில் வரும் அழிவைப் பற்றிய வசனம். ஏழாவது அவனுடையது. உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன் கிட்ட வராது என்று வரும்.

"ஆயிரம் பேர்" என்றான்.

காத்திருந்தேன். பாட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கிறது. அவன் குரல் இல்லை.

"சிஸ்டர். சிஸ்டர்." கத்தியது நான் இல்லை. கலியபெருமாள். எனக்குக் குரல் வரவில்லை. சபையிலேயே பெரிய குரல்.

திரையை இழுத்தார்கள். கட்டில் ஆடும் சத்தம். யாரோ எண்ணுகிறார்கள். பிறகு யாரும் எண்ணவில்லை. கிறீச்சிடும் வண்டி வந்தது. ஜிப். நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. பார்த்தேன்.

போன் அடித்தது. அவள்தான். நான் எடுக்கவில்லை.

சாயங்காலம். மாஸ்க்கைக் கழற்றிப் போட்டேன். நர்சு வந்து மாட்டினார். மறுபடி கழற்றினேன். எனக்கு மூச்சு வேண்டாம் என்று இருந்தது. உண்மையாகவே வேண்டாம் என்று இருந்தது.

எதிரே இருந்து குரல் வந்தது.

"பெருசு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒங்க மச்சான் ஏழுல நிறுத்துனாரு. எட்டு ஒங்களுது."

எட்டு என்னுடையதுதான். கண்ணால் மட்டும் பார்ப்பாய் என்று தொடங்கும். கெட்டவனுக்கு வரும் கூலியைப் பார்ப்பாய் என்று முடியும். என் மச்சான் கெட்டவன் இல்லை.

"அத நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

"சரி வுடுங்க. எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. நான் சொல்றேன். மாஸ்க்க மாட்டுங்க மொதல்ல."

மாட்டினேன்.

"அவன் என்னக் கூப்புடுவான். நான் ஏன்னு கேப்பேன். கஷ்டத்துல அவங்கூடவே இருப்பேன்."

பதினைந்தாவது வசனம். மச்சானுடையது. எத்தனையோ வருஷமாக அவன் சொல்லிக் காதில் விழுந்தது. நான் கேட்டதே இல்லை. அடுத்தது என் முறை, கடைசி வசனம், சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பேன். புத்தகத்தில் அது பெரிய பெரிய வார்த்தையில் இருக்கும். கலியபெருமாள் அதைக் கம்மாபுரம் பேச்சில் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னார்.

"கஷ்டத்த எடுத்துடுவேன்னு அதுல இல்லியா?"

"அவரு சொல்லி நான் கேட்டது இதாங்க. கூட இருப்பேன்னு. எடுக்குறதப் பத்தி எதுவும் காதுல வுழல."

முகத்தைத் தலையணையில் வைத்து அழுதேன். மச்சான் "ஆயிரம் பேர்" என்று கூப்பிட்டபோது யாரோ ஏன் என்று கேட்டிருப்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் அவன் தனியாக இல்லை. அது ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். போனை எடுத்து அவளிடம் சொன்னேன். செத்துப்போனதையும் சொன்னேன். அந்த வசனத்தையும் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

பிறகு கலியபெருமாளுக்கும் எண் இறங்கியது. கடைசியில் அவருக்குப் பேச்சு இல்லை. நான் எதிரே இருந்து சொன்னேன். அவர் பேச்சிலேயே சொன்னேன். கூப்புடுவான். ஏன்னு கேப்பேன். அவர் விரலை ஆட்டினார். ஏலத்தில் விலை கேட்பவர் மாதிரி. விரல் நின்றது ஒரு விடியற்காலையில்.

நான் நடந்து வெளியே வந்தேன். ஒருத்தனாக வந்தேன். அவள் கேட்டில் நின்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். கேட்டில் இருந்த எழுத்தை மறுநாளே சுரண்டச் சொன்னேன். வேண்டாம் என்றாள். தம்பிக்குப் பிடித்த சங்கீதம், இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டுமாம். நான் போகவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பற்றி என்ன சொல்வது? அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொல்லி எழுதச் சொன்னேன்.

இன்றும் கோயிலில் அந்தச் சங்கீதம் வருகிறது. ஆயர் பதினைந்தாவதைச் சொல்லும்போது நானும் சேர்ந்து சொல்கிறேன். சபை திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும். பதினாறாவது சபையுடையது. நீண்ட ஆயுசு கொடுத்துத் திருப்தியாக்குவேன் என்பது. எல்லாரும் சொல்கிறார்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

போனது இவ்வளவு. சாமுவேல். கலியபெருமாள். எதிரும் புதிருமாக ஆறு கட்டில், அதில் இவர்களோடு நாலு பேர். மற்ற இரண்டு பேரின் பேர் எனக்குத் தெரியாது, அதுவும் போனதுதான். மாடிப்படி ஏறும் மூச்சு. என் பெரிய சத்தம். ஒரு வசனம்.