கருத்துப்போன சிவப்பு

— மறுபடியும் கருத்துப்போச்சுடா தம்பி. மூணாவது தடவை.

— உலைச் சூடு ஏறியிருக்கும்க்கா. வெளிய எடுக்கக் கொஞ்சம் தாமதிச்சிருப்ப.

— இருபது வருஷமா தங்கத்துல வண்ணக் கண்ணாடிப் பொடி வச்சுச் சுடற மீனா வேலை பண்றேன். எனக்கே நீ உலை பார்க்கக் கத்துக்குடுக்கறியா? வெள்ளை பிடிச்சிருக்கு, பச்சை பிடிச்சிருக்கு. கடைசியா வச்ச சிவப்பு மட்டும் ஏன்டா காஞ்ச ரத்தமாட்டம் கிடக்கு?

— அட, பொடியில தூசி கீசி விழுந்திருக்கும்.

— அதே கண்ணாடிப் பொடியைத்தான் நேத்து ஒரு தோட்டுல வச்சுச் சுட்டேன். மாதுளை முத்தாட்டம் மின்னுது. சிவப்புக்குச் சுத்தத் தங்கம் வேணும்டா. செம்பு கலந்திருந்தா மூஞ்சியைக் காட்டிடும்.

— அப்போ என் மேல சந்தேகமா?

— என் கல்யாணச் சங்கிலி. அப்பா கையால செஞ்சது. உருக்கி என் பொண்ணுக்கு ஒரு வளையல் தட்டிக் குடுன்னு நம்பிக் குடுத்தேன். சங்கிலி நாப்பது கிராம். வளையல்?

— ...எடை போட்டியா?

— போட்டேன். பொடியோட எடையைக் கழிச்சே நாப்பத்தாறு. மிச்ச ஆறு எங்கிருந்துடா வந்துச்சு? தங்கம் குட்டி போடுமா? தங்கத்தை உருவிட்டு, அதுக்கு மேலயே செம்பைப் போட்டிருக்க.

— அட, மெதுவாப் பேசுக்கா. அப்பா உள்ள படுத்திருக்கார்.

— கேக்கட்டுமே! தாய்ப் பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான் தட்டான்னு ஊரு சொல்றது பொய்யில்லைன்னு தெரிஞ்சுக்கட்டும்.

— சிவப்பை விட்டுடேன். நீலம் வை. நீலம் நிக்கும்.

— நீலம் மூடி மறைக்கும்னு சொல்லு.

— சரி. நான்தான் கலந்தேன். போதுமா?

— எங்க, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. எதுக்கு எடுத்த?

— ஏதோ தேவை.

— உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— தெரியும். அவ மோதிரத்தையும்... ஒண்ணுமில்ல, விடு.

— என்ன மோதிரம்? எதையோ முழுங்கற. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற. இரு, அப்பாவையே கேக்கறேன். உரைகல்லுல உரசிச் சொல்லட்டும்.

— அக்கா, வேண்டாம். உன் கால்ல விழறேன், அவரைக் கூப்பிடாத.

— மடியில கனமிருந்தாத்தான் பயம். அப்பா! கொஞ்சம் வாங்கப்பா. உங்க பையன் பண்ணியிருக்கிற காரியத்தை வந்து பாருங்க.

— வந்துட்டேன், கண்ணு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.

— அப்பா, நீங்க போய்ப் படுங்க. நாங்க பேசிக்கறோம்.

— நீ சும்மா இருடா. அந்த வளையலை இப்படிக் குடும்மா... உரைகல் எதுக்கு? இதுல எத்தனை பங்கு செம்புன்னு எனக்குத் தெரியும்.

— அவன் உங்ககிட்ட சொல்லிட்டானா?

— சங்கிலியை உருக்கின அன்னிக்கே ஓடிவந்து இதுல செம்பு எப்படி வந்துச்சுன்னு என்கிட்ட கேட்டுட்டான், கண்ணு. தங்கத்தோட மாத்து ஏறட்டும்னு பொண்டாட்டியோட ஆறு கிராம் மோதிரத்தையும் போட்டு உருக்கிப் பார்த்தான், அப்பவும் தேறல. முழுத் தங்கத்துக்குக் காசில்லாம, உன் கல்யாணத்தை நிறுத்தவும் மனசு வராம, அந்தக் காலத்துலயே அந்தச் சங்கிலியில செம்பைக் கலந்தது நான்தாம்மா.