சோப்பு மணத்த சட்டைகள்

படைவீரர் உடைமை அனுப்பகத்தின் சலவைக்கூடத் தலைவி, எங்கள் அக்கா, பணி நிறைவு பெறும் இந்நாளில் பணியாளர்கள் படித்தளிக்கும் மடல்

கறைகளைக் கலங்கடித்த காரிகையே! சுருக்கங்களைச் சுட்டெரித்த சூரியனே! பித்தான்களின் பெருந்தாயே! இருபத்திரண்டு ஆண்டுகள் ஈரக்கையோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மை கலங்கிய சிறு மேகமொன்றை மிதக்கவிட்ட மேன்மையே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், இனி எங்களைத் திட்ட யாருமில்லையே என்று வருந்துகிறோம்!

இப்படியே தாங்கள், தங்கள் என்று கடைசிவரை விளித்துக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் நேற்று மாலையே அக்கா எங்களை இஸ்திரி மேசையருகே வரிசையாக நிறுத்தி ஆணையிட்டுவிட்டார்.

"என் மூஞ்சியப் பாத்து எதுவும் படிக்காதீங்க. அழுதா எனக்கு மூக்கு தக்காளியா ஆயிடும். போட்டோ எடுக்கறவர் வேற வர்றாரு. யாரோ ஒருத்தியப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லி முடிச்சிடுங்க."

ஆகவே, அவையோரே, யாரோ ஒரு அக்காவைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம். முன்வரிசையில் கைக்குட்டையால் மூக்கை மறைத்தபடி அமர்ந்திருப்பவருக்கும் அந்த அக்காவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

போர் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னரே இந்த அனுப்பகம் பிறந்துவிட்டது. போர் வராது, வரவே வராது என்று வானொலியில் அமைச்சர் தழுதழுத்த அதே வாரத்தில், இந்தக் கட்டடத்துக்குள் தச்சர் ஒருவர் பலகைகளோடு நுழைந்தார். சுவரை அடைத்துச் சின்னச்சின்ன அறைகளாக அடுக்கு செய்தார். ஒவ்வோர் அறையும் ஒரு மனிதனின் துணிமூட்டை அடங்கும் அளவு. அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த அக்கா அவரிடம் கேட்டார்:

"இத்தனை பொந்து எதுக்குண்ணே? அரசாங்கம் புறா வளக்கப் போகுதா?"

"நானூறுன்னு எழுதிக் குடுத்தாங்கம்மா. எதுக்குன்னு கேட்டேன். உனக்கு அளவு போதும், காரணம் வேணாம்னுட்டாங்க."

நானூறு! போருக்கு அரசு போட்ட கணக்கு அது. போர் தொடங்கிய இரண்டாம் ஆண்டின் பாதியிலேயே நானூறும் நிறைந்து, நடைபாதை நிறைந்து, இயக்குநர் ஐயா தம் அறையில் தம் நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்து உட்காரும் நிலை வந்தது. தச்சரை மீண்டும் அழைத்தார்கள். இம்முறை அக்கா எதுவும் கேட்கவில்லை. அவர் வந்தார், அளந்தார், செய்தார், போனார்.

அக்காவுக்கு ஒரே மகன். சைக்கிள் மெக்கானிக். அவன் சட்டைகளில் கிரீஸ் படிந்து, அந்த வாசனை தெருமுனையிலிருந்தே அவன் வருகையை அறிவிக்கும் என்பார் அக்கா. போர் தொடங்கிய முதல் மாதமே, படை வண்டிகளைப் பழுதுபார்க்க அவனுக்கு அழைப்பு வந்தது. ஊரார் அப்போது ஜன்னல் கண்ணாடிகளுக்குக் காகிதப்பட்டை ஒட்டிக்கொண்டும், மெழுகுவத்தி வாங்கிப் பதுக்கிக்கொண்டும், குழந்தைகளுக்கு மேசைக்கடியில் ஒளியக் கற்றுக்கொடுத்துக்கொண்டும் போருக்குத் தயாரானார்கள். அக்கா துவைத்தார். மகன் போகும் நாளில், வீட்டிலிருந்த அவன் சட்டை, வேட்டி, போர்வை, தலையணை உறை, கிரீஸ் துடைக்கும் கந்தல்வரை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டார். திரும்பி வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

"அம்மா, பாத்து. என்னையும் சேத்து ஊறப்போட்டுடாத" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் படியிறங்கினான்.

அந்தக் கைகள்தாம் இங்கே சலவைக்கூடத்தை ஆண்டன. அனுப்பகத்தின் ஏழாம் விதி எல்லாருக்கும் தெரியும்: இறந்த வீரரின் உடைகளைத் துவைத்து, தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்தத் தாயின் கண்ணிலும் ரத்தம் படக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி. அதை எழுதியவரைவிட அக்காதான் அதை அதிகம் நம்பினார். ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர், கல்லுப்பு, பொறுமை. வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதில் உப்பே பூத்துவிட்டது. ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தால் போட்டிருந்தவன் இடக்கையனா, நகம் கடிப்பவனா, அவனுக்கு எத்தனை தங்கைகள் என்பதுவரை சொல்லிவிடுவார். ஒருமுறை கண்ணை மூடியபடி ஆயிரம் பித்தான்களைத் தைத்தார். அக்கா அதை நாற்பது என்பார். பெரியவர்கள் சொல்வதை அவையோர் நம்பலாம். எங்களை நம்ப வேண்டாம்.

துவைப்பதற்குமுன் சட்டைப்பைகளைத் துழாவுவோம். ஒன்றில் வீட்டுச் சாவி. ஒன்றில் "தங்கச்சி செருப்பு, அஞ்சு நம்பர்" என்று எழுதிய சீட்டு. அநேகமாக எல்லாவற்றிலும் முகவரி: தொப்பிக்குள் ஒன்று, இடுப்புப்பட்டையின் உட்புறம் ஒன்று, சட்டையின் அடிமடிப்பில் ஒன்று. உடம்பின் எந்தப் பாகம் கிடைத்தாலும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று, அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு.

கூடத்தில் ஒரு சோம்பேறி இருந்தான். அது அக்கா வைத்த பெயர். அலுவலக அடையாள அட்டையில் அச்சிடாததுதான் குறை. அவன் சட்டையின் உடலை நன்றாகவே துவைப்பான். காலரை மட்டும் தேய்க்கவே மாட்டான். அக்கா ஒவ்வொரு காலராகத் திருப்பிப் பார்த்து, அவன் துவைத்ததில் பாதியை அவன் முகத்தின்மீதே வீசுவார். அனுப்பகத்தில் துணிகள் பறந்த தூரத்தைக் கூட்டினால் நிலவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

"டேய் சோம்பேறி, சட்டைக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"மடிச்சா உள்ள போயிடும்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்க அம்மாவுக்குத் தெரியும்டா."

மூன்றாம் ஆண்டு ஒரு கடிதம் வந்தது. தையல் வேலை செய்யும் ஒரு தாய் எழுதியது. அக்கா அதை உரக்கப் படித்தார். பாதிக்குமேல் அவரால் முடியாமல், பித்தான் தைக்கும் எங்கள் பித்தான் மேசைக்காரி வாங்கிப் படித்தார்.

"சட்டை வந்து சேர்ந்தது. நன்றி. பித்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன. என் மகனுக்குப் பித்தான் சரியாக இருந்ததே இல்லை. முகர்ந்து பார்த்தேன். சோப்பு மணத்தது. நல்ல சோப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சட்டையில் என் பிள்ளை வரவில்லை. அவனை எங்கே துவைத்து ஊற்றினீர்கள்?"

அக்கா கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தார். கூடத்தின் நடுவே தண்ணீர் போகும் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுலயும் எல்லாத்தையும் துவைச்சிட்டேனே" என்றார். அன்று யாருடைய காலரையும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நேரே இயக்குநர் அறைக்குப் போனார். அவர் கதவைத் திறந்த வேகத்தில் மின்விசிறி பயந்து நின்றுவிட்டது என்பது எங்கள் சாட்சியம். மின்தடை என்பது ஐயாவின் சாட்சியம்.

"ஐயா, இனிமே கேக்காம துவைக்க மாட்டேன். வீட்டுக்கு எழுதிக் கேளுங்க, துவைச்சு அனுப்பவா, அப்படியே அனுப்பவான்னு."

"ரத்தக்கறையோடயா? ஒரு தாய்கிட்ட அரசாங்கம் இப்படி ஒரு கேள்வி கேக்க முடியுமாம்மா?"

"புள்ளையக் கேக்காமலே கூட்டிட்டுப் போக முடிஞ்சுதுல்ல? இத மட்டும் கேக்கறதுக்கு என்ன கூச்சம்?"

ஐயா இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவர் நல்லவர். அன்று மாலையே ஒரு சீட்டை எழுதி, மேலிடத்தைக் கேட்காமலே அச்சுக்கு அனுப்பினார். ஒரே ஒரு கேள்வி, கீழே இரண்டு கட்டங்கள். சீட்டுகள் திரும்பி வந்தபோது நூற்றுக்கு நூற்றைந்து பேர் "அப்படியே" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னவற்றில் சற்று உப்பு கூடியிருக்கலாம். இனி வருவதில் ஒரு கல் உப்பும் இல்லை.

நான்காம் ஆண்டு அக்காவின் மகன் இறந்த செய்தி வந்தது. அக்கா வீட்டில் இருந்த அந்த வாரத்தில் அவன் மூட்டை இங்கே வந்து சேர்ந்தது. சீட்டை அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் அனுப்பவில்லை. மூட்டையைப் பிரித்தோம், பார்த்தோம். அக்கா இதைப் பார்க்கக்கூடாது என்று அங்கிருந்த எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. குளிர்ந்த நீர், கல்லுப்பு, பொறுமை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். கால்சட்டை, காலுறை, பனியன், துண்டு. அக்கா சொல்லித் தந்தபடியே துவைத்தோம். அவர் பெருமைப்படும்படி துவைத்தோம். இஸ்திரியும் போட்டு அடுக்கிய பிறகுதான் பித்தான் மேசைக்காரி மெல்லக் கேட்டார்:

"நாம அவங்களக் கேக்கவே இல்லையே?"

ஊருக்கே சீட்டு அனுப்பிய நாங்கள், அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவரைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். மகனின் துணிக்கட்டை அவரே பிரித்தார். கால்சட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார், கீழே வைத்தார். காலுறை. பனியன். துண்டு. ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு, மடிப்புக் கலையாமல் பழைய இடத்திலேயே வைத்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். கடைசியாகச் சட்டை. அதை முகத்தருகே கொண்டுபோகவில்லை. இனி எதற்கு என்று நினைத்திருப்பார். ஆனால் கை பழக்கப்பட்ட கை. தானாகவே காலரைத் திருப்பியது.

"இத யார் துவைச்சது?"

"நான்தாங்க்கா" என்றான் சோம்பேறி.

"காலர் தேய்க்கல."

"இல்லக்கா."

சட்டை முகத்தில் வந்து விழும் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா அந்தக் காலருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. குழாயை யாரோ போய் மூடினார்கள்.

"கிரீஸு" என்றார், நிமிராமலே. "அவன்தான்."

பிறகு சோம்பேறியின் தலையில் ஈரமில்லாத கையை வைத்து, "நீ உருப்படவே மாட்டடா" என்றார்.

அன்று அவன் வேண்டுமென்றே விட்டானா என்று பலர் கேட்டதுண்டு. இல்லை. வழக்கம்போல் மறந்துதான் விட்டான். அவனுக்கு அவ்வளவு அறிவு கிடையாது.

போர் முடிந்து பதினேழு ஆண்டுகளாகியும் மூட்டைகள் நின்றபாடில்லை. எங்கோ சாலை போடப் பள்ளம் தோண்டினால் ஒரு தொப்பி, ஒரு சாவி, அடிமடிப்பில் ஒரு முகவரி. சென்ற மாதம் வேறொரு தச்சர் வந்தார், அளவுநாடாவும் அரசாணையுமாக. அமைச்சர் வேறொருவர், வானொலியில் தழுதழுப்பு அதேதான். எத்தனை அறை என்று அக்கா கேட்டார்.

"எட்டாயிரம்மா."

நானூறு என்று சொன்ன அரசு இம்முறை பாடம் படித்துவிட்டது. அக்கா உள்ளே போய், அந்தக் கேள்விச் சீட்டுகளைக் கொண்டுவந்து ஐயாவின் மேசைமேல் வைத்தார். "அடுக்கு செய்யறதுக்கு முன்னாடி இத அச்சடிங்க. இந்த வாட்டி முதல் நாள்ல இருந்தே கேக்கணும்" என்றார். ஏழாம் விதி நேற்று திருத்தப்பட்டது. ஐயா கையெழுத்திட்டார், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஓர் ஈரவிரலின் மேகமும் இருக்கிறது.

அக்கா, மன்னிக்க வேண்டும். இனி உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போட்டோக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளட்டும்.

பதினெட்டு ஆண்டுகளாக உங்களிடம் நாங்கள் சொல்லாத ஒன்று உண்டு. கால்சட்டையையும் காலுறையையும் பனியனையும் துண்டையும் பாழாக்கியவர்கள் நாங்கள். நீங்கள் கேட்காததால் நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அன்பினால் செய்தோம் என்பது உண்மை. கேட்காமல் செய்தோம் என்பதும் உண்மை. எங்களை மன்னியுங்கள்.

அந்தச் சட்டை உங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருப்பதும், அவன் பிறந்த நாளில் மட்டும் மூடியைத் திறந்து ஒரே ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, தீர்ந்துவிடுமோ என்று உடனே மூடிவிடுவதும் எங்களுக்குத் தெரியும். இரண்டாவது மூச்சை உங்களுக்கே நீங்கள் தருவதில்லை என்பதும் தெரியும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நனைந்த கைகள் இனிக் காயட்டும். விரல் வெடிப்புகள் ஆறட்டும். முழங்கால்கள் படிகளோடு சண்டையில்லாமல் பழகட்டும். உறக்கம் கூப்பிடாமலே வரட்டும். புதிய அடுக்கின் எட்டாயிரம் அறைகளிலும் புறாக்களே குடியேறட்டும். அக்கா, நீங்கள் நூறாண்டு இருங்கள். அந்த வாசனை நூற்றொன்று இருக்கட்டும்.

என்றும் உங்கள் ஏச்சுக்கு ஏங்கும்
சலவைக்கூடத்தார், பித்தான் மேசையார், கட்டுக்கூடத்தார், இயக்குநர்

எல்லார் சார்பிலும் எழுதியவன்: அதே சோம்பேறி